கை மரத்துப்போனால் என்ன பார்க்க வேண்டும்: விரல், நேரம், வேலை

சேலத்தில் ஒருவர் மருத்துவரிடம் போய், "கை மதமதன்னு இருக்குங்க" என்று சொன்னால், அந்த ஒரு வாக்கியத்துக்குள் பல நோய்கள் ஒளிந்திருக்கக்கூடும். மணிக்கட்டில் நரம்பு நெரிபடுவது, முழங்கையில் நெரிபடுவது, கழுத்தில் நெரிபடுவது, சர்க்கரை நோய், பி12 வைட்டமின் குறைவு, தொழுநோய், சில வேளைகளில் பக்கவாதம் என எல்லாமே இதே முறையீட்டோடுதான் வந்து நிற்கின்றன. எந்த விரல், விரலின் எந்தப் பக்கம், எந்த நேரம், எந்த வேலையின்போது என்று நோயாளி தரும் விவரத்தைக் கொண்டுதான் மருத்துவர் இவற்றைப் பிரிக்கத் தொடங்குகிறார். பரிசோதனைகள் அதற்குப் பிறகே வருகின்றன. அந்த விவரத்தை வீட்டிலேயே ஒழுங்காகச் சேகரிப்பது எப்படி, அதிலிருந்து நாமே எவ்வளவு தூரம் புரிந்துகொள்ளலாம், எந்த இடத்தில் நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் புறப்பட வேண்டும் என்பவற்றை இங்கே விளக்குகிறேன்.

வீட்டில் உட்கார்ந்து ஆராயக் கூடாத நிலைகளை முதலில் சொல்லிவிட வேண்டும். ஒரு பக்கத்துக் கை திடீரென்று மரத்து வலுவிழந்து, அதோடு வாய் கோணுவதோ பேச்சு குழறுவதோ சேர்ந்தால், மூளைக்குப் போகும் ரத்தம் தடைபட்டிருக்கலாம். கையைத் தேய்த்துக்கொண்டிருக்காமல் உடனே 108க்கு அழைக்க வேண்டும். எலும்பு முறிவுக்கு மாவுக் கட்டோ நாட்டுக் கட்டோ போட்ட கையில், வலி தணிவதற்குப் பதிலாக ஏறிக்கொண்டே போய், விரலை யாராவது நீட்டிவிட்டாலே தாங்க முடியாத வேதனையும் மரமரப்பும் வருமானால், உள்ளே ஏற்பட்ட வீக்கம் தசையையும் நரம்பையும் நசுக்குகிறது என்று பொருள். சில மணி நேரத்துக்குள் அழுத்தத்தை எடுத்துவிடாவிட்டால் அந்தத் தசை நிரந்தரமாகச் சுருங்கிப்போகும். கட்டுப் போட்டவர் "அப்படித்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று சொன்னாலும் பொறுக்கக் கூடாது. மூன்றாவது நிலை மெதுவாக வருவதால் ஏமாற்றிவிடும். சட்டைப் பொத்தான் போடவும் சோற்றைப் பிசைந்து உருட்டவும் இரண்டு கைகளும் தடுமாறி, நடையிலும் தள்ளாட்டம் தெரிந்தால், கழுத்துக்குள் தண்டுவடமே அழுத்தப்படுகிறதா என்று பார்த்தாக வேண்டும்.

மூன்று நரம்புகளும் அவற்றின் எல்லைகளும்

கழுத்தின் தண்டுவடத்திலிருந்து கிளம்பும் நரம்பு வேர்கள் காறை எலும்புக்குப் பின்னாலும் அக்குளிலும் பின்னிப் பிரிந்து கைக்குள் இறங்குகின்றன. அவற்றுள் விரல்வரை வந்து சேரும் பெரிய நரம்புகள் மூன்று. மீடியன் நரம்பு கையின் நடுவாக வந்து, கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் ஆகியவற்றின் உட்பக்கத்துக்கும், மோதிர விரலில் நடுவிரலை ஒட்டிய பாதிக்கும் உணர்ச்சி தருகிறது. அல்நார் நரம்பு முழங்கையின் உட்பக்க எலும்பு மேட்டுக்குப் பின்னால் தோலுக்கு அடியிலேயே ஓடுகிறது. கதவு நிலையில் இடித்துக்கொண்டால் சுண்டுவிரல்வரை சுரீரென்று பாய்வது இந்த நரம்புதான். சுண்டுவிரலும் மோதிர விரலின் மறுபாதியும் இதன் எல்லைக்குள் வருகின்றன. விரல்களை விரிக்கவும் சேர்க்கவும் உதவும் சிறு தசைகளில் பெரும்பாலானவையும் இதற்கே கட்டுப்பட்டவை. மூன்றாவதான ரேடியல் நரம்பு மேற்கை எலும்பைச் சுற்றிப் பின்புறமாக வருகிறது. மணிக்கட்டையும் விரல்களையும் மேலே தூக்குவதும், புறங்கையில் கட்டைவிரலை ஒட்டிய பகுதியில் உணர்ச்சி தருவதும் அதன் வேலை.

இவை நீளமானவை என்பதை மறந்துவிடுவதால்தான் பலரும் விரலுக்கே எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்கிறார்கள். மேட்டூரிலிருந்து சேலத்துக்கு வரும் குடிநீர்க் குழாய் வழியில் எங்கே அடைத்துக்கொண்டாலும் தண்ணீர் நிற்பது நம் தெருவில்தான். அதுபோல, கழுத்திலோ முழங்கையிலோ நேரும் பழுதும் விரல் நுனியில்தான் முதலில் தெரியும். ஆகவே விரலை நன்றாகப் பார்ப்பது, பழுது எங்கே இருக்கிறது என்று மேல்நோக்கித் தேடுவதற்காகவே.

கையில் வரைபடம் போடுவது

இதற்கு ஒரு பந்துமுனைப் பேனா, சிறிது பஞ்சு, பொறுமையான இன்னொரு ஆள் ஆகிய மூன்றும் போதும். ஊசி வேண்டாம், உணர்ச்சி குறைந்த தோலில் அது எவ்வளவு ஆழம் இறங்கியது என்று தெரியாது. நோயாளி கண்களை மூடிக்கொண்டு இரண்டு கைகளையும் மடியில் மல்லாத்தி வைத்துக்கொள்ள, மற்றவர் இரு கைகளிலும் ஒரே இடத்தை மாறி மாறிப் பஞ்சால் தொட வேண்டும். அப்போது "தெரிகிறதா?" என்று கேட்டால் ஏறக்குறைய எல்லாரும் தெரிகிறது என்றே சொல்லிவிடுவார்கள், ஏனெனில் நரம்பு முழுதாக அற்றுப்போனால் தவிர ஏதோ ஓர் உணர்வு மிஞ்சியே இருக்கும். "இரண்டு கையிலும் ஒரே மாதிரி இருக்கிறதா?" என்று கேட்பதே சரியான கேள்வி. வித்தியாசம் தொடங்கும் இடத்தில் பேனாவால் கோடு இழுத்து, எல்லை முழுவதையும் சுற்றி வரைந்து முடித்ததும், உள்ளங்கையையும் புறங்கையையும் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். சில வாரங்கள் கழித்து மறுபடியும் வரைந்து ஒப்பிட்டால், அந்த எல்லை சுருங்குகிறதா பரவுகிறதா என்பது கண்ணுக்கே தெரிந்துவிடும்.

வரைந்த கோட்டைப் படிக்கும்போது, முதலில் மோதிர விரலைப் பார்க்க வேண்டும். அதில் ஒரு பாதி மரத்து மறுபாதி சரியாக இருந்தால், கழுத்தைவிடக் கையில் ஓடும் நரம்பையே முதலில் சந்தேகிக்கலாம். கழுத்து வேர்களால் வரும் மரமரப்பு பெரும்பாலும் விரலை இப்படி நீளவாக்கில் இரண்டாகப் பிரிப்பதில்லை. அடுத்தது உள்ளங்கையின் அடிப்பகுதி. மீடியன் நரம்பின் ஒரு சிறு கிளை மணிக்கட்டுக்கு மேலேயே பிரிந்து, மணிக்கட்டிலுள்ள சுரங்கம் போன்ற குறுகிய வழிக்குள் நுழையாமல் வெளியே வந்து, கட்டைவிரல் மேட்டின் அடித் தோலுக்குப் போகிறது. எனவே மூன்று விரல்கள் மரத்தும் அந்த இடம் மட்டும் நன்றாக இருந்தால் சிக்கல் மணிக்கட்டிலும், அந்த இடமும் சேர்ந்து மரத்திருந்தால் அதற்கு மேலேயும் இருக்க வாய்ப்பு அதிகம். சுண்டுவிரலுக்கும் இதே கணக்கு உண்டு: புறங்கையில் சுண்டுவிரல் பக்கத்துத் தோலும் மரத்திருந்தால் முழங்கையைப் பார்க்க வேண்டும், உட்பக்கம் மட்டும் மரத்துப் புறங்கை சரியாக இருந்தால் மணிக்கட்டையோ உள்ளங்கையையோ பார்க்க வேண்டும். முன்கையின் உட்பக்கமும் சேர்ந்து மரத்திருந்தால் கழுத்தையும் அக்குளையும் விட்டுவிடக் கூடாது.

நரம்பு முழுதாக அற்றுப்போனதா என்ற ஐயம் இருந்தால், குறிப்பாக வாய் திறந்து சொல்லத் தெரியாத குழந்தைகளிடம், தோலே பதில் சொல்லும். வியர்வையைச் சுரக்க வைப்பதும் நரம்புதான் என்பதால், அது அறுந்த விரல் உலர்ந்து வழவழப்பாகிவிடும். பேனாவின் பக்கவாட்டை விரல்மேல் மெதுவாக இழுத்தால், மற்ற விரல்களில் சற்றே ஒட்டி நிற்கும் பேனா இந்த விரலில் வழுக்கிக்கொண்டு போகும். வெதுவெதுப்பான நீரில் அரை மணி நேரம் கையை ஊற வைப்பது இன்னொரு வழி. எல்லா விரல் நுனிகளும் சுருங்கியிருக்க ஒரு விரல் மட்டும் சுருங்காமல் இருந்தால், அதன் நரம்பு வேலை செய்யவில்லை. நீரின் சூட்டை உணர்ச்சியுள்ள இன்னொருவர் கையால் பார்த்துவிட்டே கையை உள்ளே விட வேண்டும்.

வலுவைப் பார்ப்பது

கையை மேசையில் மல்லாத்தி வைத்துக் கட்டைவிரலைக் கூரையை நோக்கி நிமிர்த்தி, அதை ஒருவர் கீழே அழுத்தும்போது தாக்குப்பிடிக்க முடியவில்லை என்றால் மீடியன் நரம்பின் தசை தளர்ந்திருக்கலாம். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒரு தாளைப் பக்கவாட்டில் பிடிக்கச் சொல்லி இழுத்துப் பார்க்க வேண்டும். அல்நார் நரம்பு பழுதானவர் தாளை விடாமல் பிடிக்க முயலும்போது, அவரையும் அறியாமல் கட்டைவிரலின் நுனிக் கணு மடங்கிக்கொள்ளும். முன்கையை நீட்டி மணிக்கட்டைத் தூக்க முடியாமல் கை தொங்கிப்போனால் அது ரேடியல் நரம்பு. இவற்றோடு, நல்ல வெளிச்சத்தில் இரண்டு கைகளையும் அருகருகே வைத்து, புறங்கையில் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடைப்பட்ட சதையையும், உள்ளங்கையின் கட்டைவிரல் மேட்டையும் பார்க்க வேண்டும். ஒன்றில் பள்ளம் விழுந்திருந்தால் நோய் மாதக்கணக்கில் நடந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். அப்படிப் பள்ளம் தெரிந்த பிறகு வீட்டு வைத்தியத்துக்கு இடமில்லை.

நேரமும் வேலையும்

நடு இரவில் கை மரத்து எரிச்சலோடு விழிப்பு வந்து, கையை உதறினால் சற்று நேரத்தில் தணிகிறது என்பவருக்கு, பெரும்பாலும் மணிக்கட்டுச் சுரங்கத்தில்தான் நெருக்கடி. எட்டுச் சிறு எலும்புகள் தரையாகவும் ஒரு தடித்த தசைநார்ப் பட்டை கூரையாகவும் அமைந்த அந்தக் குறுகிய வழியில், விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களோடு மீடியன் நரம்பும் இடம் பிடித்துக்கொண்டு போகிறது. உறக்கத்தில் மணிக்கட்டு மடங்கிக் கிடக்கும்போது உள்ளே அழுத்தம் ஏறுவதால், நோய் இரவில் தலைகாட்டுகிறது. இரண்டு புறங்கைகளையும் ஒன்றோடொன்று ஒட்டி, மணிக்கட்டை மடக்கி 60 விநாடி வைத்திருக்கும்போது அந்த மூன்று விரல்களில் மரமரப்பு வந்தால் ஐயம் வலுப்படும். வராவிட்டாலும் நோய் இல்லை என்று முடிவு கட்டிவிட முடியாது. கருவுற்ற பெண்கள், தைராய்டு சுரப்புக் குறைந்தவர்கள், சர்க்கரை நோயாளிகள், முடக்குவாதம் உள்ளவர்கள் ஆகியோருக்கு இது அதிகம் வருகிறது. கர்ப்பத்தில் வந்தது பெரும்பாலும் பிரசவத்துக்குப் பின் தானாகவே விலகிவிடும்.

கைப்பேசியைக் காதில் வைத்து நீண்ட நேரம் பேசினாலோ, முழங்கையை மேசையிலும் லாரி ஜன்னலிலும் ஊன்றினாலோ சுண்டுவிரல் மரக்கிறது என்பவர் முழங்கையைக் கவனிக்க வேண்டும். கழுத்தை அண்ணாந்தோ ஒரு பக்கம் சாய்த்தோ திருப்பும்போது தோளிலிருந்து மின்சாரம் பாய்ந்ததுபோல் இறங்கினால் கழுத்தைச் சந்தேகிக்க வேண்டும். கையின்மேல் தலையை வைத்து அசந்து தூங்கி, காலையில் மணிக்கட்டைத் தூக்க முடியாமல் எழுபவரைக் கண்டு வீட்டார் பக்கவாதம் என்று அஞ்சுவது இயல்பு. முகமும் பேச்சும் காலும் சரியாக இருந்து, கை மட்டும் தொங்கினால் பெரும்பாலும் அது ரேடியல் நரம்பு நசுங்கியதுதான். பெரும்பாலோர்க்குச் சில வாரங்களில் குணமாகும் என்றாலும், பக்கவாதம் இல்லை என்று உறுதி செய்வதை மருத்துவரிடம் விட்டுவிடுவதே நல்லது.

நம் ஊர் வேலைகளைச் சொல்லாமல் இந்தக் கணக்கு நிறைவடையாது. செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறையில் வேலை செய்பவரைப் பாருங்கள்: இடது கையில் சங்கிலியைத் தாங்கி, வலது கையின் சாமணத்தால் கடுகளவு வளையங்களைக் கவ்வி ஒன்றோடொன்று கோத்து, மணிக்கட்டை மடக்கியபடி மணிக்கணக்கில் கிள்ளிப் பிடித்துக்கொண்டே இருக்கிறார். அவர் தரையில் உட்கார்ந்து முழங்கையைப் பலகையின் விளிம்பில் ஊன்றிக்கொண்டால், இரண்டு நரம்புகளும் ஒரே நேரத்தில் அழுத்தம் வாங்குகின்றன. அம்மாபேட்டையிலும் பொன்னம்மாபேட்டையிலும் கைத்தறியில் நாடாவை ஓட்டும் கயிற்றை நாள் முழுதும் இழுப்பவருக்கும், ஏற்காட்டுத் தோட்டங்களில் கவாத்துக் கத்தரியின் பிடியை உள்ளங்கை அடியில் அழுத்திக்கொண்டே இருப்பவருக்கும் இதே கதைதான். ஏற்காட்டு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் பிரேக்கை இறுக்கிப் பிடித்தபடி இருசக்கர வாகனத்தில் தினமும் இறங்குபவருக்கு, கைப்பிடி உள்ளங்கையை அழுத்தும் இடத்தில் அல்நார் நரம்பு நசுங்கக்கூடும். வேலையை விட்டுவிடுங்கள் என்று இவர்களிடம் சொல்வது அறிவுரையே ஆகாது. முழங்கைக்கு அடியில் மெத்தென்ற துணி மடிப்பு, கருவியின் பிடியில் தடிமனாகச் சுற்றிய துணி, அரை மணிக்கு ஒருமுறை கையை நீட்டி மடக்கும் ஒரு நிமிட ஓய்வு ஆகியவை நடைமுறையில் முடிபவை. மலையில் மார்கழிக் குளிரில் விரல்கள் வெளுத்துப் பிறகு நீலமாகிச் சிவப்பது மட்டும் வேறு விஷயம். அது ரத்தக் குழாய் சுருங்குவதால் வருவது. கல் உடைக்கும் அதிர்வு எந்திரத்தைப் பிடிப்பவர்களுக்கு அதுவும் நரம்புப் பழுதும் சேர்ந்தே வரலாம்.

உடல் முழுவதையும் பிடிக்கும் காரணங்கள்

சர்க்கரை நோயில் நரம்புப் பழுது வழக்கமாகப் பாதங்களில்தான் தொடங்கும். மிக நீளமான நரம்புகளே முதலில் நலிவடைவதால், மரமரப்பு இரு கால்களிலும் மெல்ல முழங்கால்வரை ஏறிய பிறகே கைவிரல் நுனிகளைத் தொடும். ஆகவே பாதம் நன்றாக இருக்க ஒரு கை மட்டும் மரத்தால், "சர்க்கரைதான்" என்று சொல்லி அடங்கிவிடாமல் மணிக்கட்டையும் பார்க்கச் சொல்ல வேண்டும். பி12 குறைவு சைவ உணவுக்காரர்களிடமும், மெட்ஃபார்மின் மாத்திரையையோ அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையையோ பல ஆண்டுகள் எடுப்பவர்களிடமும் காணப்படுகிறது. கவனிக்காமல் விட்டால் தண்டுவடத்தையும் பிடிக்கும். மருந்துக் கடையில் "நரம்புக்குச் சத்து" என்று கேட்டு வாங்கி விழுங்கும் பழக்கம் இங்கே பரவலாக இருப்பதால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: ரத்தப் பரிசோதனைக்கு முன்பே பி12 எடுத்துவிட்டால் குறைவு இருந்ததா என்பதே மறைந்துவிடும், பி6 வைட்டமினை அளவு மீறி நெடுநாள் விழுங்கினால் அதுவே நரம்பைக் கெடுக்கும்.

தொழுநோயைப் பற்றிப் பேச இன்னும் நமக்குத் தயக்கம் இருக்கிறது. அந்தத் தயக்கம்தான் விரல்களைப் பறிக்கிறது. தோலில் வெளிறிய அல்லது சிவந்த தேமல் இருந்து, அதில் அரிப்பு இல்லாமல் உணர்ச்சியும் குறைந்து, முழங்கைக்குப் பின்னால் அல்நார் நரம்பு கயிறுபோல் தடித்துத் தட்டுப்பட்டு, சுண்டுவிரலும் மோதிர விரலும் மடங்கத் தொடங்கினால் ஒருநாளும் தள்ளிப்போடக் கூடாது. கூட்டு மருந்துச் சிகிச்சை அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்கிறது. நோயின் வகையைப் பொறுத்து 6 அல்லது 12 மாதம் எடுக்க வேண்டியிருக்கும். நமக்கு அடுத்த கொல்லிமலையில் 1914இல் பிறந்த பால் பிராண்ட் என்னும் அறுவை மருத்துவர், வேலூர் சிஎம்சி மருத்துவமனையில் பணியாற்றியபோது, தொழுநோயாளிகளின் விரல்கள் தேய்வது நோய் சதையைத் தின்பதால் அன்று, வலி தெரியாமல் திரும்பத் திரும்ப அடிபடுவதாலும் சுட்டுக்கொள்வதாலுமே என்று விளக்கிக் காட்டினார். மடங்கிய விரல்களை நிமிர்த்தத் தசைநாண்களை இடம் மாற்றும் அறுவை முறைகளையும் அவர் வளர்த்தெடுத்தார்.

வெட்டுக்காயமும் காலக்கெடுவும்

கண்ணாடியோ அரிவாளோ மணிக்கட்டிலும் விரலிலும் கீறினால், ரத்தம் நின்றதும் முதல் வேலையாகக் காயத்துக்கு அப்பால் விரல் நுனிகளில் உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மரத்துப்போக ஊசி போட்டுத் தையல் போட்ட பிறகு பார்த்தால் எதுவும் தெரியாது. கண்ணாடிக் கீறல் வெளியே சிறியதாகவும் உள்ளே ஆழமாகவும் இருக்கும். தோலை மட்டும் தைத்து அனுப்பிவிட்டு, விரல் இன்னும் மரத்திருக்கிறது என்று மாதங்கள் கழித்து வருபவர்கள் உண்டு. அறுபட்ட நரம்பை முதல் சில நாள்களுக்குள் நேராக இணைப்பதே எளிது; நாள் கடந்தால் முனைகள் சுருங்கி, வேறிடத்து நரம்புத் துண்டை எடுத்து ஒட்ட வேண்டி வரும்.

ஹெர்பர்ட் செட்டன் என்னும் பிரிட்டிஷ் அறுவை மருத்துவர் 1943இல் வகுத்த நரம்புக் காயத்தின் மூன்று நிலைகள் இன்றும் இதற்கு உதவுகின்றன. நரம்பு நசுங்கிச் செயல் மட்டும் நின்றிருந்தால் நாள்களிலோ வாரங்களிலோ மீளும். உள் இழைகள் அறுந்து உறை தப்பியிருந்தால், அந்த உறையின் வழியே நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் வளர்ந்து வரும். மணிக்கட்டிலிருந்து விரல் நுனியைத் தொட ஆறு மாதமளவில் ஆகலாம். முழுதாக அறுந்தது தைக்காமல் சேராது. இதில் தசைக்குத் தனிக் கெடு ஒன்று உண்டு. ஒன்று முதல் ஒன்றரை ஆண்டுக்குள் நரம்பு வந்து சேரவில்லை என்றால், பிறகு வந்தும் பெரிதாகப் பயன் இராது. முழங்கையில் நசுங்கியதைவிட அக்குளில் அறுந்தது ஏன் அவசரமானது என்பதற்கு இந்தத் தூரக் கணக்கே காரணம்.

மருத்துவமனையிலும் அதற்குப் பிறகும்

சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ வேறு நரம்பியல் மருத்துவரிடமோ போகும்போது, கையில் வரைந்த படத்தையும், எப்போது தொடங்கியது, எந்த நேரத்தில் கூடுகிறது, என்ன வேலை, என்னென்ன மாத்திரை என்ற குறிப்பையும் எடுத்துச் செல்லுங்கள். சர்க்கரை, தைராய்டு, பி12 ஆகிய ரத்தப் பரிசோதனைகளும், நரம்பில் மின்சாரம் எவ்வளவு வேகமாகப் பாய்கிறது என்று அளக்கும் பரிசோதனையும் எழுதித்தரப்படலாம். அந்த மின் பரிசோதனையன்று கையில் எண்ணெயோ களிம்போ பூசக் கூடாது. கை குளிர்ந்திருந்தால் நரம்பின் வேகம் குறைவாகக் காட்டும் என்பதால், ஏற்காட்டிலிருந்து குளிரில் இறங்கி வருபவர் கையைச் சூடேற்றிக்கொண்டே உள்ளே போக வேண்டும். காயம் பட்ட முதல் வாரத்தில் இந்தப் பரிசோதனை முழு நிலையைக் காட்டாது. இரண்டு மூன்று வாரங்கள் கழித்தே தெளிவு கிடைக்கும்.

மணிக்கட்டு நெருக்கடிக்கு, மணிக்கட்டை மடங்காமல் நேராக வைக்கும் பட்டையை இரவில் கட்டிக்கொள்வதே முதல் சிகிச்சை; ஆறு வாரமாவது விடாமல் கட்ட வேண்டும். இறுக்கிக் கட்டினால் பயன் எதிர்மாறாகும். முழங்கைக்கு, தூங்கும்போது மடங்காதபடி ஒரு துண்டைத் தளர்வாகச் சுற்றிக்கொள்வது பலருக்கு உதவுகிறது. இவற்றுக்கு அடங்காதபோது ஊசியும், சதை வற்றத் தொடங்கினால் நரம்பை அழுத்தும் தசைநார்ப் பட்டையை வெட்டிவிடும் சிறு அறுவையும் உண்டு. பெரும்பாலும் கையை மட்டும் மரக்கச் செய்து அதை முடித்து, அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அறுவைக்கு அஞ்சி ஆண்டுக்கணக்கில் தள்ளுபவர்களுக்கு, பிறகு அறுவை செய்து இரவு வலி நின்றாலும் வற்றிய சதை திரும்புவதில்லை என்பதால், இந்த ஓரிடத்தில் நான் பொறுமையைப் பரிந்துரைக்க மாட்டேன்.

உணர்ச்சி திரும்பும்வரை அந்தக் கையால் இட்லிப் பானை மூடியைத் திறப்பதும், வெந்நீர் ஒத்தடம் கொடுப்பதும், பற்றவைக்கும் நெருப்புக்கருகே வைப்பதும் கூடாது. கரண்டிக்கும் பாத்திரத்துக்கும் மரப்பிடியோ தடித்த பிடிதுணியோ வேண்டும். இரவில் படுக்கும் முன் உள்ளங்கையையும் விரலிடுக்குகளையும் பார்த்து, வலிக்காத கொப்புளத்தையும் காயமாகவே மதித்துக் கட்ட வேண்டும். உலர்ந்த தோல் வெடிக்காமல் இருக்கத் தேங்காய் எண்ணெய் பூசலாம். அதன் பயன் தோலோடு சரி. தொங்கும் மணிக்கட்டையும் மடங்கும் விரல்களையும் மறு கையால் நாளுக்குச் சில முறை முழுதாக நீட்டி மடக்கிவிடாவிட்டால், நரம்பு வந்து சேரும்போது மூட்டு இறுகிக் கிடக்கும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை மருத்துவரின் சேவையும் உண்டு. நடமாட முடியாத முதியவர் வீட்டில் இருந்தால் அதைக் கேட்டுப் பெறலாம். பட்டை கட்டி ஆறு வாரமாகியும் வரைபடத்தின் எல்லை சுருங்கவில்லை என்றாலோ, அதற்கு முன்பே பிடி நழுவிப் பொருள்கள் கீழே விழத் தொடங்கினாலோ, அடுத்த முறைச் சீட்டுக்குக் காத்திராமல் மறுபடியும் காட்ட வேண்டும்.